அம்மா கார் ஓட்டிய மூன்று மாதம்

சின்ன வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சுகம் ஒன்று இருக்கிறது. என் வயதுக்காரிகளான உங்களில் சிலருக்காவது அது தெரிந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் வண்டி தன் போக்கில்தான் போகும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்துக் களைத்துப்போவார். தூரத்தில் ஓர் ஏற்றம் தெரியும்போதே அதற்காக மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஏறி முடித்ததும், வண்டியை நாமே தூக்கிக்கொண்டு ஏறியதுபோல ஒரு பெருமூச்சு வரும். பெரிய வண்டிகளில் அந்தப் பெருமூச்சு கிடையாது.

பெரிய வண்டி வாங்கலாம் என்கிறார் என் கணவர். மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பழைய குட்டி வண்டியில் ஏன் அல்லாடுகிறாய் என்று அலுவலகத் தோழிகள் கேட்கிறார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையான பதிலைச் சொல்லத் தொடங்கினால் பேச்சு மரக்காணத்துக்குப் போய்விடும் என்று பயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். எழுதிய பிறகும் கிழித்துப்போடக்கூடும். எழுபதுகளின் நடுவில் பத்து வயதாக இருந்தவர்களும், இன்று பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களும் படித்தால் போதும்.

அப்போது நாங்கள் மரக்காணத்தில் உப்பளத்தின் ஓரத்திலேயே இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா அந்த உப்பளத்தில் மேனேஜர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தைக்குக் கணவர் இல்லை; எங்களோடுதான் இருந்தாள். வீட்டுக்கு மூன்று பக்கமும் பாத்திகள். தை பிறந்து வெயில் ஏறியதும் அவை வெளுக்கத் தொடங்கும். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் கையில் ஒரு வெள்ளைப் பொடி ஒட்டும். சன்னல் கம்பி, கொடிக்கயிறு, சைக்கிள் ஹேண்டில்பார், அப்பாவின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும். காற்றே உப்பாகத்தான் வீசும். இன்று துடைத்தால் நாளை மறுபடி பூத்திருக்கும். யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் கார் வந்தது. அப்பாவின் முதலாளி புதிதாகப் பெரிய கார் வாங்கினார். பழையதை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்துக் குட்டி வண்டி. கம்பெனிப் பெயர் இருந்த தகடு எப்போதோ விழுந்திருந்தது. சீட்டின் தோல் வெடித்துத் தேங்காய் நார் வெளியே தெரிந்தது. எட்டுக் குதிரைச் சக்தி என்றார்கள். உப்பு ஏற்ற வரும் லாரியின் டிரைவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"எட்டு குதிரைன்னு பேரு சார். அதுல மூணு நொண்டி. ரெண்டு படுத்துக்கிச்சு. மிச்சம் மூணு இழுத்தா உண்டு."

அப்பா ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் முயன்றார். இரண்டாம் நாள் வரப்பிலிருந்து வண்டியைப் பாத்திக்குள் இறக்கிவிட்டார். பாத்தியில் சேறு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஆறேழு பேர் கூடைகளை வைத்துவிட்டு வந்து, பேசிச் சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கி வரப்பில் வைத்தார்கள். அவ்வளவுதான் அதன் எடை. அன்றோடு அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அம்மாவுக்கு ஓட்டத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாவின் அப்பா புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் அம்மா ஓட்டிப் பழகி, கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸும் எடுத்திருக்கிறாள். அதைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அது பேசக்கூடாத விஷயம். டிரைவர் வீட்டுப் பெண் என்று அத்தை அடிக்கடி குத்திக்காட்டுவாள். அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

வரப்பில் ஏற்றிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஆளில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை நுழைத்து ஒரே சுற்றில் கிளப்பினாள். உள்ளே ஏறி உட்கார்ந்து, அந்த ஒடுங்கிய வரப்பின் மேலேயே ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். அப்பா பின்னாலேயே நடந்துவந்தார். அவர் முகத்தில் இருந்தது பெருமையா, சங்கடமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதே வாரம் பெருமுக்கலுக்கு இப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும். நன்றாகச் செய்தால் ஜூனில் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியர் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மைல். காலை பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும், அதுவும் வந்தால். கார் இருந்தால்தான் வேலை.

அப்பா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பெண்பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்று அத்தை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"ஓட்டிக்கினு போ. ஆனா ஒண்ணு. நடுரோட்டுல ஒரே ஒரு நாள் வண்டி நின்னு, நாலு பேர் வேடிக்கை பாக்கற மாதிரி நீ நின்னேன்னு வெச்சுக்கோ, அன்னையோட முடிஞ்சுது. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அம்மா, "சரிங்க," என்றாள்.

ரேடியேட்டரில் ஒழுகல் இருந்தது. வண்டியும் சீக்கிரம் கொதித்துவிடும். காலையில் கிளம்பும் முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வழியில் ஊற்ற ஒரு டின் நிரப்பிப் பின்சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்றால் மணல்மேட்டில் சவுக்குத் தோப்புக்குள் இருந்த கிணறு ஒன்றுதான். போய்வர அரை மைல். சமையலும் அப்பாவின் சாப்பாடும் பாடக் குறிப்பும் முடித்து அம்மா ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் தண்ணீர் என் பொறுப்பு ஆயிற்று. ஒரு சின்ன அலுமினியக் குடத்தை என் இடுப்பில் வைத்துப்பார்த்து, "இது உன்னால முடியும்," என்றாள் அம்மா.

சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அவள் பள்ளிக்கு அரைநாள் உண்டு. அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது காற்று. முன் கண்ணாடியைக் கீழ்ப்பக்கமாக வெளியே தள்ளித் திறந்துவிடலாம். பாத்திகளின் சேற்று வாடை முகத்தில் நேராக அடிக்கும். ஊரைத் தாண்டினால் சவுக்கு வாடை, அப்புறம் கடலைக்கொல்லை. என் காலடியில் தகரம் இற்று உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, வறுத்த கடலையின் தோலை அதில் போட்டுக்கொண்டே போவேன்.

எங்களை எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள். கூடையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் மீன்காரர்கூட எங்களோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே வந்து, "நான் முன்னாடி போறேங்க டீச்சரம்மா, மீன் நாறிடும்," என்று மிதித்துக்கொண்டு போய்விடுவார். அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. சாலை ஓர் ஏரிக்கரை மேல் ஏறி இறங்கும் இடம் ஒன்று உண்டு. அதற்காக அவள் கால் மைலுக்கு முன்பிருந்தே வேகம் சேர்ப்பாள். உடம்பை முன்னால் சாய்ப்பாள், நானும் சாய்வேன். எஞ்சின் சத்தம் மாறும், சாலை மெதுவாகும், ஓட்டைக்குள் ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாகத் தெரியும். நின்றேவிடும் என்று நான் மூச்சைப் பிடிக்கும்போது வண்டி கரைமேல் ஏறிவிடும். அம்மா சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒருமுறை அங்கேதான் சொன்னாள்: "இதுகிட்ட இருக்கறதே கொஞ்சம் பாப்பா. அந்தக் கொஞ்சம் மொத்தமும் என் காலுக்குக் கீழ இருக்குது. மிச்சம் வெக்காம ஓட்டலாம்."

அப்படியேதான் சொன்னாளா, இத்தனை வருஷத்தில் நான் சேர்த்துக்கொண்டதா என்று சந்தேகம் வருகிறது. மிச்சம் வைக்காமல் என்று சொன்னது மட்டும் நிச்சயம்.

மாசிக் கடைசியில் மணல்மேட்டுக் கிணறு வற்றத் தொடங்கியது. பெண்கள் விடிவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஊறுவதற்காகக் காத்திருந்தார்கள். என் முறை வந்த ஒரு காலையில் ஓர் அம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மனுசனுக்குக் குடிக்கவே ஊற மாட்டேங்குது. நீ காருக்கு ஊத்தவா வந்து நிக்கிற? போ, போய் உங்கப்பன் உப்பளத்துல மொண்டு ஊத்து."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் வெறும் குடத்தோடு திரும்பினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால், பத்தடியில், பாத்திகளுக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஓடியது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. நான் அதில் குடத்தை முக்கினேன். டின்னையும் அதிலேயே நிரப்பினேன். அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்து, ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நான் கிணற்றுப் பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாளும்.

வெட்கத்தால்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதி இந்த இடத்தைக் கடந்துவிடலாம். அது முழு உண்மை இல்லை.

அம்மா ஐந்தரை மணிக்குத் திரும்புவாள். வந்ததும் அடுப்பு, அது முடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் நோட்டுகள். அந்த வகுப்பில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் காட்டினாள். ஒரு நாள் அவளுக்கென்று சிவப்புப் பென்சில் ஒன்று வாங்கி வைத்திருந்ததை நான் கைப்பையில் பார்த்தேன். நான் சரியாகச் சாப்பிடாமல் எழுந்ததை அத்தை கவனித்தாள். மடியில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "விடு கண்ணு. அந்தத் தகர டப்பா எத்தினி நாளைக்கு ஓடும். ஒரு நாளைக்கு நிக்கும் பாரு. அப்புறம் உங்கம்மா உனக்குத்தான்."

அத்தை இதைச் சொன்னது நான் வாய்க்காலில் குடத்தை முக்குவதற்கு முன்பா பின்பா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ முறை அந்த மாதத்தை நாள் நாளாக அடுக்கிப்பார்த்திருக்கிறேன். முன்பு என்றால் நான் ஒரு மாதிரியான குழந்தை. பின்பு என்றால் வேறு மாதிரியான குழந்தை. உப்புத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று அம்மா சொன்னது தெரியும். ஏன் என்று தெரியாது. அது போதாதா, தெரிந்திருந்தது என்று சொல்ல?

பங்குனியில் ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது நின்று என்னவென்று பார்த்திருப்பார்கள். அம்மா பழந்துணியால் துடைத்துவிட்டு, "காத்து," என்றாள். சன்னலைத் துடைப்பது மாதிரி தினமும் அதையும் துடைத்தாள். லாரி மாமாவும் பார்த்தார். அவருடைய லாரி தலை முதல் சக்கரம் வரை அப்படித்தான் இருந்தது. வண்டி முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

ஒரு நாள் அவசரத்தில் நான் டின்னை நிரப்ப மறந்துவிட்டேன். அன்று வாய்க்கால் பாலத்தைத் தாண்டும் முன்பே வண்டி கொதித்துவிட்டது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது; அம்மா பாலத்தடியில் இறங்கி, அந்த உப்புத் தண்ணீரையே மொண்டு ஊற்றிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அதை என்னிடம் தன் குற்றம்போலச் சொன்னாள். இனிமேல் மறக்காதே என்றுகூட அதட்டவில்லை. தான் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று தன்னைத்தான் நொந்துகொண்டாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரை பிறந்த முதல் சனிக்கிழமை. அம்மாவின் மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அன்று பள்ளி ஆய்வாளர் வருகிறார். அவள் வகுப்பையும் பார்ப்பார். ஜூனில் வேலை நிரந்தரமாவது அவர் எழுதிவைப்பதைப் பொறுத்தது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அம்மா கஞ்சி போட்ட நீலப்புடவை கட்டிக்கொண்டாள். எனக்கும் புதுப்பாவாடை. வண்டியில் போகும்போது, ஆய்வாளர் கேட்டால் தன் பிள்ளைகள் என்னென்ன சொல்வார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஏரிக்கரைக்கு முன்னால் வழக்கம்போல வேகம் சேர்த்தாள். வேகம் சேரவில்லை. முன்னாலிருந்து ஆவி எழுந்து, திறந்த கண்ணாடி வழியே எங்கள் முகத்தில் அடித்தது. நிறுத்தி, டின்னிலிருந்த தண்ணீரை முழுக்க ஊற்றினாள். அது சீறிக்கொண்டு வெளியே வந்தது. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி கிளப்பினாள். ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். அடியில் கட்டையால் அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. வண்டி நின்று பின்னால் நகரத் தொடங்கியது. "பாப்பா, இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வை," என்றாள் அம்மா. வைத்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டுச் சுழற்றிப்பார்த்தாள். அது அசையவில்லை. மூடியைத் தொட்டதில் அவள் உள்ளங்கை பொத்துப்போயிருந்தது. அதை அவள் கவனிக்கவேயில்லை.

ஏரி வறண்டு கிடந்தது. அன்று காலை பஸ் வரவில்லை; வராத நாள்கள் அந்தத் தடத்தில் சகஜம். எனக்கென்று கொண்டுவந்த பாட்டிலில் குடிக்கிற தண்ணீர் பாதி இருந்தது. அதை நான் அவளிடம் நீட்டினேன். வண்டிக்கு ஊற்றத்தான் நீட்டினேன். அவள் வாங்கி, மூடியைத் திறந்து என்னிடமே கொடுத்து, "வெயில் அடிக்குது. நீ குடி," என்றாள்.

பதினொன்றரைக்கு உப்பு இறக்கிவிட்டு வெறும் லாரியோடு மாமா திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தார். பள்ளி பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். அம்மா ஒரு முறை பெருமுக்கல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கே இழுத்துடுங்க," என்றாள். லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய குட்டிக் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவும், பக்கத்தில் நானும், மரக்காணம் கடைத்தெரு வழியாக வந்தோம். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வாசலில் வைத்து மாமா ரேடியேட்டரைத் திறந்தார். திருப்புளியை விட்டுச் சுரண்டி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அதற்குள் அப்பாவும் உப்பளத்திலிருந்து வந்துவிட்டார்.

"உப்பு சார். சுத்தமான உப்பு. உள்ள பாத்தி கட்டினா மாதிரி விளைஞ்சிருக்குது. அடைச்சுக்கினு எஞ்சினே பிடிச்சுப் போச்சு. இதுக்கு மெட்ராஸ்ல தேடினாலும் சாமான் கெடைக்காது."

"யார் உப்புத் தண்ணி ஊத்தினது?" என்றார் அப்பா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் வாய் திறந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நான்தாங்க," என்றாள் அம்மா. "ஒரு நாள் அவசரத்துக்குப் பாலத்தாண்ட மொண்டு ஊத்திட்டேன்."

மாமா கையிலிருந்ததைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு இவ்ளோ வராதுங்களே டீச்சரம்மா."

"நான் மிதிச்ச மிதி அப்படி," என்றாள் அம்மா. "அது தாங்குமா தாங்காதான்னு யோசிக்காம மிதிச்சேன்."

என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லவில்லை. எத்தனையோ முறை அப்படி நம்பிப்பார்க்க முயன்றிருக்கிறேன், அது இல்லை. அவள் ஒரே ஒரு முறை செய்ததை நேர்மையாகச் சொன்னாள். மீதிக் கணக்கைத் தன் சந்தோஷத்தின் மேல் போட்டுக்கொண்டாள். அங்கே ஏழெட்டு அடி தூரத்தில், தினமும் செய்தவள் பேசாமல் நின்றாள்.

அப்பா கத்தவில்லை. "சரி, விடு," என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்குத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அம்மா கைக்கட்டோடு விலகல் கடிதம் எழுதினாள். பொத்துப்போன கையால் எழுதியும் எழுத்து வரிசை பிசகவில்லை. தபால்பெட்டியில் போட என்னிடம்தான் கொடுத்தாள். நான் போட்டேன்.

அத்தை சொன்னதுபோல அம்மா எனக்குத்தான் ஆனாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை தலை வாரிவிட்டாள். பள்ளிவிட்டு வரும்போது வாசலிலேயே நின்றாள். நான் சொல்லும் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ம்," என்றாள். அவளிடம் கேட்க எனக்கு ஒன்று இருந்தது: அந்த ஏரிக்கரையில் சிரித்த மாதிரி ஒருமுறை சிரியேன் என்று. அது கேட்டு வாங்கக்கூடிய பொருளில்லை என்று பத்து வயதிலேயே தெரிந்திருந்தது. கார் வீட்டோரம் நின்று, அந்த மழைக்காலத்துக்குள் அடிப்பாகம் முழுவதும் இற்று, பழைய இரும்புக்காரரின் மாட்டுவண்டியில் போயிற்று.

அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் காரை அவர் ஒரு வேடிக்கைக் கதையாக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதைச் சொல்வார்: "எங்க வீட்டுக்காரி சாதாரண ஆள் இல்லை. மூணே மாசத்துல எட்டு குதிரையைக் கொன்னவ." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். கடைசியாக மருத்துவமனையில் நர்ஸிடமும் அந்தக் கதையைச் சொன்னார்.

இப்போது அம்மா புதுச்சேரியில் எங்களோடு இருக்கிறாள். நான் வேலைக்குப் போக, என் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் மரக்காணத்தில் ஒரு கல்யாணம். என் வண்டியில் மூன்று பேரும் போய்விட்டுத் திரும்பினோம். குழந்தை அம்மா மடியில் தூங்கிவிட்டது. உப்பளம் ஓரமாகச் சாலை நேராக, ஆளில்லாமல் கிடந்தது. நான் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் நீ ஓட்டுகிறாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அதுவரை கேட்டதேயில்லை.

"வேணாம் பாப்பா. என் கால் சும்மா இருக்காது. ஒரு வண்டியைக் கெடுத்தது போதும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், தனக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்வதுபோல. இருபது வருஷமாக அவள் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கும் ஒரு விஷயம் அது.

நான் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் அந்த அம்மாள் சொன்னது, வாய்க்கால், குடம், டின், அத்தை மடி, கதவுக்குப் பின்னால் நின்றது எல்லாவற்றையும். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் மடியில் சரிந்த குழந்தையின் தலையை நேராக வைத்தாள். பிறகு, "எத்தினி நாளு?" என்றாள்.

"மாசிக் கடைசியிலேருந்து. நின்ன அன்னிக்கு வரைக்கும். தினமும்மா."

அவள் உதடுகள் அசைந்தன. நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது சற்றுப் பொறுத்துத்தான் எனக்குப் புரிந்தது.

"அப்ப நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, எதிரே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம் பாப்பா."

நான் வண்டியைக் கிளப்பினேன். சொன்னது சரியா, என் மனபாரத்தை அவள் மடியில் இறக்கிவைத்தேனா என்று இன்றும் தெரியவில்லை.

இருபது நாளாகிறது. அம்மா சமைக்கிறாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள், என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுகிறாள். சில நேரம் பேச்சின் நடுவில் நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்க்கிறாள், யாரோ புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல. நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். எங்கள் தெருவில் வண்டியைத் திருப்புவது கஷ்டம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா படியிறங்கி வந்து சன்னலில் குனிந்தாள்.

"கிளட்சை அப்படிப் பட்டுன்னு விடாதே. கொஞ்சம் கொஞ்சமா விடு."

நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.